முதல்ல டெஸ்ட், அப்புறம் மாத்திரை

லாக் பார்க்காம பக் ஃபிக்ஸ் பண்ணினா டீம் லீட் கத்துவார். காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காம ஆன்டிபயாடிக் எழுதினா மட்டும் 'கைராசி டாக்டர்'ங்கறோம்!

வியட்நாமிலும் இதே கதைதான். அங்கே வடபகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல ஒரு ஆய்வு செஞ்சாங்க. விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம். சில நிமிஷத்துல சி.ஆர்.பி. அளவு தெரிஞ்சுடும். பாக்டீரியான்னா பொதுவா நல்லா ஏறும், வைரஸ்னா அவ்வளவா ஏறாது.

2016ல முடிவு வந்தது. சளி, இருமல்னு வந்தவங்கள்ல, டெஸ்ட் இல்லாத குழுவில 78% பேர் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாங்க. டெஸ்ட் எடுத்த குழுவில 64%. குணமாக ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட அதே நாள்தான்.

64-ம் அதிகம்தான், ஒத்துக்கறேன். ஆனா தேவையில்லாம முழுங்கற ஒவ்வொரு மாத்திரையும் கிருமிக்கு நாம கொடுக்கிற டிரெயினிங். நாளைக்கு நிஜமாவே வேணுங்கும்போது மருந்து கைவிட்டுடும். அதனால, டெஸ்ட் செலவை ஏழை நாட்டு அரசுகளே ஏத்துக்கணும். மாத்திரை சும்மா, டெஸ்ட்டுக்குக் காசுன்னா எவன் விரலை நீட்டுவான்?

நீங்க என்ன சொல்றீங்க மக்களே?