காவிரிப் பாலத்தில் அடிபட்டால் இலவசம், வீட்டில் நெஞ்சு வலித்தால்?

ஸ்ரீரங்கம் உத்திர வீதி, சித்திரை வீதிகளில் அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். லீவுக்கு வருபவர்கள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. "அங்கே ஆம்புலன்ஸில் ஏறினாலே ஆயிரம் டாலர் போச்சு மாமா! நம்ம ஊர் எவ்வளவோ தேவலை." கேட்பவர்களும் பெருமையாகத் தலையாட்டுவார்கள்.

கதை பொய்யில்லை. அமெரிக்காவில் 1986-ல் வந்த சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வருபவரைக் காசில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் பில் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும்! எதிர்பாராத பில்களைத் தடுக்க 2022-ல் அமலுக்கு வந்த சட்டம்கூட, ரோட்டில் ஓடும் ஆம்புலன்ஸ்களை அப்படியே விட்டுவிட்டது.

அதனால் திருச்சி தேவலை என்று முடித்துவிடலாமா? தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரிலிருந்து இலவசம். புத்தூர் ஜி.எச்.சில் (மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை என்று சொன்னால் ஆட்டோக்காரருக்கே புரியாது) அவசர சிகிச்சைக்குக் காசு கேட்பதில்லை. இதெல்லாம் உண்மையிலேயே பெரிய விஷயம்தான். சிக்கல் தனியார் மருத்துவமனை வாசலில் தொடங்குகிறது.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள் நண்பர்களே. அம்மா மண்டபம் சாலையில் சின்னதாக ஒரு பூஜை சாமான் கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயது, மாதம் 20,000 ரூபாய் மிஞ்சும். ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சு வலி. வீட்டில் இருப்பவர்கள் பதறிப்போய் ஆட்டோ பிடித்து, மாம்பழச்சாலை, காவிரிப் பாலம் தாண்டி, தில்லைநகரில் முதலில் கண்ணில் பட்ட மருத்துவமனைக்குள் நுழைகிறார்கள். ஆட்டோக்காரரிடம் பேரம் பேசலாம். ஆஞ்சியோவுக்கு யார் பேரம் பேசுவது? "முதல்ல அட்வான்ஸ் கட்டுங்க" என்பார்கள். பில் ஒன்றரை லட்சம் என்றால் ஏழரை மாத வருமானம். அமெரிக்க பில்லை ரூபாயாக மாற்றி வாய் பிளப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை தரும் நல்ல திட்டம். ஆனால் ஆண்டு வருமான வரம்பு 1.20 லட்சம். கடைக்காரருக்கோ 2.40 லட்சம். அரசின் கணக்கில் அவர் பணக்காரர் (!).

இப்போது கதையை லேசாக மாற்றுவோம். அதே மனிதர், அதே ராத்திரி, காவிரிப் பாலத்தில் லாரி இடித்து விழுகிறார். 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்றால், தனியாராக இருந்தாலும் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே பணம் தருகிறது. வருமானம் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, வெளிமாநிலத்துக்காரர் என்றாலும் பரவாயில்லை. 2021 டிசம்பரில் தொடங்கியபோது வரம்பு ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சமானது. மத்திய அரசும் 2025-ல் சாலை விபத்துக்கு ஏழு நாள், ஒன்றரை லட்சம் என்று தனியாக ஒரு திட்டம் கொண்டுவந்தது.

லாரி இடித்தால் உண்டு, ரத்தக்குழாய் அடைத்தால் இல்லை. இதில் என்ன நியாயம்?

நீதிமன்றத்தைக் குறை சொல்ல முடியாது. 1989-ல் பரமானந்த் கடாரா வழக்கில், அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. காசு யார் கொடுப்பது என்ற கேள்விதான் அப்படியே நின்றுவிட்டது. இலங்கையைப் பாருங்கள். 2016-ல் இந்தியா கொடுத்த நிதியில்தான் அங்கே 1990 ஆம்புலன்ஸ் தொடங்கியது. அது இலவசம், போய் இறங்கும் அரசு மருத்துவமனையும் இலவசம். இங்கிலாந்தில் அவசரப் பிரிவில் சுற்றுலாப் பயணிக்குக்கூட பில் கிடையாது, வார்டில் சேர்த்த பிறகுதான் வெளிநாட்டவருக்குக் கட்டணம்.

எல்லாருக்கும் கொடுத்தால் ஆளாளுக்கு அவசரம் என்று வந்து நிற்பார்களே என்று ஒரு வாதம் வரும். மாரடைப்பை ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் காட்டிக் கொடுத்துவிடும், பக்கவாதத்தை ஸ்கேன் காட்டும். நடிப்பது அவ்வளவு சுலபமில்லை. செலவு எகிறும் என்பதும் பாதி உண்மைதான். லட்சத்துக்கு மேல் விற்ற மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் அரசு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. ஸ்டென்டுக்கு முடிந்தது ஐ.சி.யூ. வாடகைக்கு ஏன் முடியாது?

தமிழக அரசு 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் துணை சுகாதார நிலையங்கள் வரை மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து வைத்தது. மாரடைப்பும் அவசரம்தான் என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதானே? அப்படியானால் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அந்த 48 மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். அது நடக்கும்வரை, சத்திரம் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இட்லி விலையை எழுதி மாட்டியிருப்பது போல, அவசரப் பிரிவு வாசலிலும் ஈ.சி.ஜி. எவ்வளவு, ஐ.சி.யூ. ஒரு நாளைக்கு எவ்வளவு, ஆஞ்சியோ எவ்வளவு என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு வைக்கட்டும்.