சுறா பார்க்க எந்த ஊர்? காதைக் கேளுங்க!

கல்யாணமான கையோடு ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பிய காலம் போச்சு. ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் வாலாஜாபாத் பிள்ளைகள்கூட இப்போது, "அந்தமான் போறோம், கடலுக்கு அடியில சுறாவைப் பார்க்கப் போறோம்" என்கிறார்கள். அம்மா பதறுகிறாள்: "சுறா கடிச்சிட்டா என்னடா பண்ணுவே?"

பெற்ற மனசு கேட்கத்தான் செய்யும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. உலகம் முழுக்க நடக்கும் சுறாக் கடிகளை அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகம் கணக்கெடுத்து வைக்கிறது. மனிதர்கள் சீண்டாமலே சுறா கடித்த சம்பவங்கள் 2024-ம் ஆண்டில் மொத்தம் 47. அதில் இறந்தவர்கள் 4 பேர். நம் தெருநாய்கள் கேட்டால் சிரிக்கும். (உண்மையில் நாம்தான் சுறாவைப் புட்டு பண்ணிச் சாப்பிடுகிறோம். சுறா இறைச்சியில் பாதரசம் அதிகம் சேரும் என்பதால் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தவிர்ப்பது நல்லது. மாமியார் கோபித்துக் கொண்டாலும் சரி!)

ஸ்கூபாவில் நிஜமான ஆபத்து காதிலும் நுரையீரலிலும் ரத்தத்திலும் இருக்கிறது. 10 மீட்டர் ஆழம் போனாலே உடம்பின் மீதான அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் காதுக்குள் அழுத்தம் சமமாகாது. வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறையே கிழியலாம். மேலே வரும்போது மூச்சை அடக்கினால் நுரையீரலில் இருக்கும் காற்று விரிந்து அதைக் கிழித்துவிடும்.

மூன்றாவது ஆபத்தைப் பலரும் அறிவதில்லை. ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் வாயு ரத்தத்தில் கூடுதலாகக் கரைகிறது. கோலி சோடாவைத் திறந்ததும் பொங்குகிறதே, அப்படித்தான், சரசரவென்று மேலே வந்தால் அந்த வாயு குமிழியாகும். மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை எதுவும் வரலாம். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய கொடைக்கானல் மலை மேல் இருக்கிற அளவுதான். அதனால் ஒரு தடவை முங்கியவர் 12 மணி நேரமும், பல தடவை முங்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. ஒரு நாள் முழுக்க விடுவது இன்னும் நல்லது. கடைசி நாள் மாலையில் டைவிங், மறுநாள் விடியற்காலை ஃப்ளைட் என்று போட்டிருக்கும் பேக்கேஜ் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

சரி, எங்கே போவது?

அந்தமானில் ஹேவ்லாக் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) பிரபலம். ஆனால் விளம்பரப் படத்தில் இருக்கும் சுறா எல்லோருக்கும் தரிசனம் தராது. பழக்கமில்லாதவர்களைப் பயிற்சியாளர் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் ஆழம் அதிகபட்சம் 12 மீட்டர். வெள்ளை முனைச் சுறாக்களுக்குப் பேர்போன 'ஜானீஸ் கார்ஜ்' போன்ற இடங்களோ 20 மீட்டருக்கும் கீழே. அதற்கு மூன்று நான்கு நாள் முறையான பயிற்சியும் அதற்கு மேல் ஒரு படிப்பும் வேண்டும். அழுத்தக் கோளாறுக்கு வைத்தியம் செய்யும் அறை போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது. ஹேவ்லாக்கிலிருந்து கடல் தாண்டி வர வேண்டும். எந்த ஊருக்குப் போனாலும், 'அழுத்த அறை எவ்வளவு தூரம்?' என்று முதலில் கேளுங்கள். மழுப்புகிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு என் யோசனை பாண்டிச்சேரி. சுறாவுக்காக அல்ல, கற்றுக்கொள்ள! உத்திரமேரூர், திண்டிவனம் வழியாகச் சமதரையில் திரும்பி வரலாம், மலை ஏறவோ விமானம் ஏறவோ வேண்டியதில்லை. அதற்கும் முன்னால் நீச்சல் தெரிய வேண்டும். பாலாற்றில் தண்ணீர் ஓடினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும் ஊரில் பிள்ளைகள் எங்கே நீந்துவார்கள், பாவம்! காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ போய் நீச்சல் குளத்தில் சேர்த்துவிடுங்கள்.

சிலிண்டரே வேண்டாம், சுறா மட்டும் பார்த்தால் போதும் என்கிறீர்களா? இலங்கையில் திருகோணமலை பக்கம் நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு. 2003-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆழமில்லாத தண்ணீரில் மூச்சுக்குழாயும் கண்ணாடியும் மாட்டி மிதந்தாலே, துடுப்பு முனை கறுத்த சுறாக்குட்டிகள் கண்ணில் படும். மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி. நைட்ரஜன் கவலை கிடையாது. நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். பவளப் பாறை மேல் மட்டும் ஏறி நிற்காதீர்கள், அது உயிருள்ளது.

இரை போட்டுச் சுறாவை வரவழைக்கும் இடங்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பிலிப்பைன்ஸில் ஓஸ்லோப் என்ற ஊரில் பிரமாண்டமான திமிங்கலச் சுறாக்களுக்குப் படகிலிருந்து கூனி இறால் ஊட்டுகிறார்கள். சாதுவான பிராணிதான். ஆனாலும் படகைக் கண்டால் வாய் திறக்கப் பழக்குவது அதற்கும் நல்லதல்ல. மாலத்தீவின் ஃபுவாமுலாவில் மீன் தலை காட்டிப் புலிச்சுறாவைக் கூப்பிடுகிறார்கள். புதுசாகக் கற்றவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

டைவிங் மையத்தில் ஒரு மருத்துவப் படிவம் கொடுப்பார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயநோய், காது ஆபரேஷன் என்று கேள்விகள் இருக்கும். 'ஆமாம்' போட்டால் அனுப்ப மாட்டார்களே என்று பையில் இன்ஹேலரை வைத்துக்கொண்டே 'இல்லை' என்று டிக் அடிக்கிறவர்கள் உண்டு. ஊரில் கிளம்பும் முன்பே குடும்ப டாக்டரிடமும் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடமும் காட்டிவிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள். புதுமணத் தம்பதி என்றால் இன்னொன்று: நாள் தள்ளிப் போயிருந்தால் மனைவி படகிலேயே இருக்கட்டும்; கர்ப்ப காலத்தில் ஸ்கூபா கூடவே கூடாது.