பிரிக்காத பதினோரு பெட்டிகள்

ஆபீஸுக்குப் புது மெஷின் வந்தால் முதல் வாரம் என்ன நடக்கும்? தேங்காய் உடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, உறை போட்டு மூடிவிடுவோம். 'இதை ஓட்டத் தெரிஞ்ச ஆள் வரட்டும் சார்' என்பார் மேனேஜர். அந்த ஆள் வரவே மாட்டார்.

இது நம்ம ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். தைவான் தீவில், தைனான் நகரத்தில், 1880-களின் ஆரம்பத்தில் ஒரு அச்சு இயந்திரம் பதினோரு பெட்டிகளில் வந்து இறங்கி, பிரிக்காமலே தூங்கியது!

அன்பளிப்பாக அனுப்பியவர் ஜேம்ஸ் மாக்ஸ்வெல் என்கிற டாக்டர். இங்கிலாந்தின் பிரஸ்பிடேரியன் சபை 1865-ல் தைவானுக்கு அனுப்பிய மிஷனரி. (பிரஸ்பிடேரியன் என்றால் மேலே பிஷப் கிடையாது, மூப்பர்கள் கூடி உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். எம்.டி. இல்லாமல் போர்டு மட்டும் இருக்கிற கம்பெனி மாதிரி.) உடம்பு முடியாமல் ஊர் திரும்பியவருக்கு மனசு மட்டும் தைவானிலேயே இருந்தது. இயந்திரத்தை அனுப்பிவிட்டார். பூட்டி ஓட்டத்தான் அங்கே யாருக்கும் தெரியவில்லை. பி.காம். பாஷையில் சொன்னால், ஐடில் அசெட்!

அப்புறம் வந்தார் தாமஸ் பார்க்ளே. அதாவது, ஏற்கெனவே 1875-லிருந்து அங்கேதான் இருந்தார். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துக்காரர். பிற்பாடு கெல்வின் பிரபு என்று உலகம் கொண்டாடிய விஞ்ஞானியிடம் படித்தவர். லீவில் ஊருக்குப் போனால் நாமெல்லாம் என்ன செய்வோம்? கல்யாணம், காதுகுத்து, மத்தியானத் தூக்கம். இந்த மனுஷன் கிளாஸ்கோவில் ஒரு அச்சாபீஸுக்குப் போய் அச்சுக் கோர்க்கவும் மெஷின் ஓட்டவும் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து பெட்டிகளைப் பிரித்து, 1884 மே மாதம் முதல் காகிதத்தை அடித்து எடுத்தார்.

1885 ஜூலை 12. தைனானிலிருந்து சபையின் மாதப் பத்திரிகை வெளியானது. தைவானில் அச்சான முதல் செய்திப் பத்திரிகை அதுதான்.

விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. பத்திரிகை சீன எழுத்தில் இல்லை. ஜனங்கள் வீட்டில் பேசுகிற தைவானிய மொழியை, அப்படியே ஏ, பி, சி, டி-யில் எழுதி, ராகத்துக்கு மேலே சின்னச் சின்னக் குறிகள் போட்டிருந்தார்கள். (அந்த மொழியில் ராகம் மாறினால் அர்த்தமே மாறிவிடும்.) 'பெ-ஓ-ஜி' என்று பெயர். பேச்சு மொழி எழுத்து என்று அர்த்தம். பார்க்ளே கண்டுபிடித்ததில்லை, எதிர்க்கரையில் சீனாவின் அமோய் துறைமுகத்தில் மிஷனரிகள் முன்பே உருவாக்கியது.

சீன எழுத்து படிக்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்கு நேரமும் காசும் இருந்தவர்கள் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். வயலில் நிற்கிறவனுக்கும் அடுப்படியில் நிற்கிறவளுக்கும் ஏது? புது எழுத்தையோ சில வாரத்தில் பிடித்துவிடலாம்.

ஆனாலும் மக்கள் யோசித்தார்கள். 'இது என்ன, சின்னப் பசங்க எழுத்து மாதிரி!' என்று கௌரவம் தடுத்தது. முதல் இதழிலேயே பார்க்ளே கெஞ்சாத குறையாக எழுதினார். சீன எழுத்து தெரியும் என்பதால் இது வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள், குழந்தைகளுக்கானது என்று ஒதுக்காதீர்கள் என்று. அந்தப் பக்கங்களில் வேதப் பாடத்தோடு ஊர்ச் செய்தியும் உலகச் செய்தியும் வந்தன. எழுத்தே தெரியாமல் வளர்ந்த பெண்கள் முதல் முறையாகத் தாங்களே பத்திரிகை படித்தார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒரு பாட்டி, கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு அடுத்த தெரு சமாச்சாரத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பதைக் கற்பனை பண்ணிப் பாருங்கள். அதுதான் அந்த மெஷின் சம்பாதித்த லாபம்.

1895-ல் ஜப்பான் வந்தது. பத்திரிகை தாக்குப் பிடித்தது. யுத்தக் கெடுபிடியில் 1942-ல் நிறுத்தினார்கள். ஜப்பான் போனதும் திரும்ப ஆரம்பித்தார்கள்.

அடுத்து, சீனாவிலிருந்து வந்த கோமின்டாங் கட்சி ஆட்சி. 1949 முதல் ராணுவச் சட்டம். எல்லாரும் மாண்டரின்தான் பேச வேண்டும். பள்ளிக்கூடத்தில் வீட்டு மொழி பேசினால் பையனுக்கு அபராதம், இல்லாவிட்டால் கழுத்தில் அட்டை. 1969-ல் சபைப் பத்திரிகையின் எழுத்துக்கும் தடை போட்டார்கள். 1970 முதல் மாண்டரின்!

அந்தப் பாட்டியை இப்போது நினைத்துப் பாருங்கள். போன மாதம் வரை படிக்கத் தெரிந்தவள். இந்த மாதம் பத்திரிகை வருகிறது, பிரிக்கிறாள், ஒரு எழுத்தும் புரியவில்லை. அவள் கண்ணும் போகவில்லை, புத்தியும் போகவில்லை. ஒரு உத்தரவில் எழுதப் படிக்கத் தெரியாதவள் ஆகிவிட்டாள்.

'மொழியை மாற்றியாச்சு, இனி வாயை மூடிக்கொள்வார்கள்' என்று சர்க்கார் போட்ட கணக்குதான் டாலி ஆகவில்லை. 1947 பிப்ரவரி 28-ல் வெடித்த கலவரத்தை ஒட்டி ராணுவம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. நாற்பது வருஷமாக யாரும் வாயே திறக்கக் கூடாத விஷயம் அது. 1987-ல் பத்திரிகை மாண்டரினிலேயே அதைப் பற்றி எழுதியது. அந்த இதழைப் பறிமுதல் செய்தார்கள். அதே வருஷம் ஜூலையில் ராணுவச் சட்டமே போய்விட்டது!

மாதப் பத்திரிகை பிற்பாடு வாரப் பத்திரிகையாக வளர்ந்தது. தைவானிய மொழி பள்ளிக்கூடத்துக்குப் பாடமாகவே வந்துவிட்டது. மொழி ஆராய்ச்சிக்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்னால் ஜனங்கள் எப்படிப் பேசினார்கள் என்று தெரிந்துகொள்ள, 'சின்னப் பசங்க எழுத்து' என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பழைய இதழ்களைத்தான் தேடிப் புரட்டுகிறார்கள்.

பாட்டிக்குத்தான் யாரும் வட்டியோடு கணக்குத் தீர்க்கவில்லை.