வேலை போனவர்கிட்ட 'பாசிட்டிவா இரு'ன்னு சொல்லாதீங்க, ஒரு பேப்பரும் பேனாவும் கொடுங்க



வேலை போன ஒருத்தர்கிட்ட "பாசிட்டிவா இரு மச்சி, எல்லாம் நல்லதுக்குத்தான்"னு சொல்றதை நாம முதல்ல நிறுத்தணும். சொல்றவர் நல்ல மனசோடதான் சொல்றார். ஆனா கேட்கிறவருக்கு 5-ஆம் தேதி இஎம்ஐ காத்துக்கிட்டு இருக்கு. லேஆஃப் பற்றி நம்ம சேனல்ல வீடியோ போட்டப்போ வந்த கேள்விகள்ல பாதி பணத்தைப் பற்றியதே இல்லை. "தூக்கம் வரல", "ரெஸ்யூமைத் திறக்கவே கை வரல", "வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு தெரியல". இதுக்கெல்லாம் வீடியோல பதில் சொல்ல முடியல, அதனால இந்தக் கட்டுரை. நான் சிஏ, மனநல மருத்துவர் இல்லை. ஆனா சம்பளம் நின்ன மாசத்துல மனசும் பணமும் தனித்தனி கணக்கு கிடையாதுங்கிறதை கிளையன்ட்ஸ்கிட்ட நிறையப் பார்த்திருக்கேன்.

பாசிட்டிவ் சைக்காலஜின்னு ஒரு துறை நிஜமாவே இருக்கு. 1998-ல அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரா இருந்த மார்ட்டின் செலிக்மேன்தான் அதை ஒரு தனித்துறையா முன்னிறுத்தினார். இவர் அதுக்கு முன்னாடி பேர் வாங்கினது எதுல தெரியுமா? 1960-களில், ஸ்டீவன் மேயர் என்பவரோட சேர்ந்து, 'என்ன பண்ணாலும் பிரயோஜனமில்லை'ன்னு ஒரு உயிர் எப்படிக் கைவிட்டுடுதுங்கிற ஆராய்ச்சியில. அதாவது இந்தத் துறை உடைஞ்சு போறதைப் பற்றி நல்லா தெரிஞ்சவர் ஆரம்பிச்சது. 'நினைச்சா நடக்கும், பிரபஞ்சம் கொடுக்கும்' ரீல்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

சொல்லப்போனா, அந்த ரீல்ஸ் வகை பாசிட்டிவ் நமக்கு நஷ்டம். ஜெர்மனியில கேப்ரியேல் எட்டிங்கன் என்ற உளவியலாளர், வேலை தேடிக்கிட்டிருந்த பட்டதாரிகளை ரெண்டு வருஷம் தொடர்ந்து கவனிச்சார். 2002-ல வெளிவந்த ஆய்வு அது. நல்ல வேலை கிடைச்ச மாதிரி அடிக்கடி கனவு கண்டவங்க அனுப்பின விண்ணப்பங்களே குறைவு, வந்த ஆஃபரும் குறைவு, சம்பளமும் குறைவு. ஆனா 'எனக்கு வேலை கிடைக்கும்'னு நிதானமா எதிர்பார்த்தவங்களுக்கு ரிசல்ட் நல்லா இருந்தது. ரெண்டும் கேட்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் என்னன்னா, எதிர்பார்ப்புக்குப் பின்னாடி நம்ம பழைய அனுபவம்னு ஒரு ஆதாரம் இருக்கு. கனவுக்கு அது தேவையில்லை, அதனால உடம்பும் எழுந்து வேலை செய்யறதில்லை.

பணத்துலயும் இதே கதைதான். செவரன்ஸ் பணம் கைக்கு வந்ததும் "மூணு மாசம் சும்மாதானே இருக்கோம், ட்ரேடிங்ல சம்பாதிச்சுடலாம்"னு எஃப் அண்ட் ஓ பக்கம் போறவங்களைப் பார்க்கிறேன். அதுவும் ஒரு பாசிட்டிவ் திங்கிங்தான்! 2022 நிதியாண்டிலிருந்து 2024 வரைக்கும் எஃப் அண்ட் ஓ செஞ்ச தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டாங்கன்னு செபியே 2024 செப்டம்பரில் சொல்லியிருக்கு. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. வேலை இருக்கிறப்போவே வேண்டாம்னு சொல்ற ஆள் நான். வேலை இல்லாதப்போ அந்த ஆப்பையே போன்ல இருந்து தூக்கிடுங்க.

சரி, அப்போ உருப்படியா என்ன செய்யறது?

செலிக்மேன் சொன்னதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஒரு கெட்ட விஷயத்தை நமக்கு நாமே எப்படி விளக்கிக்கிறோம் என்பது. இது நிரந்தரம், இது என் வாழ்க்கை முழுக்கப் பரவிடும், இதுக்கு நான் மட்டும்தான் காரணம், இந்த மூணையும் நம்பறவங்கதான் சீக்கிரம் துவண்டு போறாங்க. எங்க பாஷையில சொன்னா ரொம்ப சுலபம். ஒரு கம்பெனிக்கு ஃபேக்டரியில தீ பிடிச்சு பெரிய நஷ்டம் வந்தா, அதை வழக்கமான செலவோட கலக்காம அசாதாரண இனம்னு தனியா காட்டுவோம். அந்த ஒரு வரியை வெச்சு 'இந்த கம்பெனி அடுத்த வருஷம் இருக்காது'ன்னு ஆடிட்டர் எழுதிட மாட்டார். அதுக்கு வேற ஆதாரங்கள் வேணும். ப்ராஜெக்ட் மூடினதுல உங்க வேலை போனது அந்த மாதிரி ஒரு தனி வரி. ஆனா பலர் அந்த ஒரு வரியை வெச்சுக்கிட்டு தன்மேலயே மோசமான ஆடிட் ரிப்போர்ட் எழுதிக்கிறாங்க.

இதைச் சும்மா மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா வேலைக்கு ஆகாது. பண பயம் மண்டையில ஓடிக்கிட்டே இருந்தா யோசிக்கிற சக்தியே குறையும். இதுக்கான ஆராய்ச்சி நம்ம ஊர்லயே நடந்திருக்கு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன்னாடி கை வறண்டிருந்தப்போ ஒரு தடவை, அறுவடைப் பணம் வந்த பிறகு ஒரு தடவை, யோசிக்கும் திறனுக்கான டெஸ்ட் வெச்சாங்க. அதே ஆட்கள்தான், பணம் வந்த பிறகு நல்லா செஞ்சாங்க. 2013-ல சயின்ஸ் இதழில் வந்தது. அவங்க புத்தி மாறல, கவலை அடைச்சுக்கிட்டிருந்த இடம்தான் காலியாச்சு.

அதனால என்னைப் பொறுத்தவரை மனசுக்கான முதல் பயிற்சி தியானம் இல்லை, ஒரு வகுத்தல் கணக்கு. என் கிளையன்ட் ஒரு தம்பி, சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருந்தவர், வேலை போய் மூணு வாரம் கழிச்சு வந்தார். "அண்ணா, எல்லாம் முடிஞ்சு போச்சு"ன்னார். எழுதிப் பார்த்தோம். செவரன்ஸ் 1,80,000, எஃப்டி 1,20,000, மொத்தம் 3 லட்சம். கட்டாயச் செலவு: வாடகை 14,000, பைக் லோனும் பர்சனல் லோனும் சேர்த்து இஎம்ஐ 11,000, ஊருக்கு அனுப்பறது 10,000, மளிகை, கரண்ட், போன் எல்லாம் 9,000, மருத்துவக் காப்பீட்டுக்கு மாசம் 1,000. ஆக 45,000. வகுத்தா ஆறரை மாசம். 'எல்லாம் முடிஞ்சு போச்சு'க்கும் 'ஆறரை மாசம் இருக்கு'க்கும் நடுவுல எவ்வளவு தூரம்! எஸ்ஐபியை நிறுத்தி வெச்சோம். அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை. பிஎஃப் பணத்தை முதல்லயே உருவ வேண்டாம், அது கடைசி வரிசை. காப்பீடு மட்டும் தள்ளிப் போடாதீங்க. ஆபீஸ் குரூப் பாலிசி வேலையோட முடிஞ்சுடும், கடைசி வேலை நாளுக்கு முன்னாடியே அதே கம்பெனியில தனிநபர் பாலிசியா மாத்த முடியுமான்னு கேட்டுடுங்க.

அடுத்து, நேரம். வியன்னா பக்கத்துல மரியன்டால்னு ஒரு ஊர். அங்கே இருந்த ஒரே பெரிய நூற்பாலையை மூடினதும் ஊரே வேலையில்லாம ஆச்சு. மரீ யகோடாவும் அவங்க குழுவும் அங்கே போய்ப் பார்த்து 1933-ல எழுதினாங்க. கையில அவ்வளவு நேரம் இருந்தும், நூலகத்துல கட்டணத்தை எடுத்த பிறகும், ஜனங்க புத்தகம் எடுக்கிறது குறைஞ்சது. ஆண்கள் தெருவுல மெதுவா நடந்தாங்க, அடிக்கடி நின்னாங்க. சம்பளம் மட்டும் இல்லை, ஒரு நாளை நாளா வெச்சிருக்கிற சட்டமும் வேலையோட போயிடுது. அதனால பத்து மணிக்குக் குளிக்கிறதை ஓய்வுன்னு நினைக்காதீங்க. லாகின் டைம் மாதிரி ஒண்ணு நீங்களே வெச்சுக்கோங்க. லாக் அவுட் டைமும் வேணும். ராத்திரி 12 மணிக்கு ஜாப் போர்ட்டலை ரெஃப்ரெஷ் பண்றது தேடல் இல்லை.

லாக் அவுட் பண்ணும்போது செய்யறதுக்கு ஒரு பயிற்சி: இன்னிக்கு நல்லா நடந்த மூணு விஷயம், ஒவ்வொண்ணும் ஏன் நடந்தது. செலிக்மேன் குழு 2005-ல வெளியிட்ட ஆய்வில் ஒரு வாரம் இதைச் செஞ்சவங்களுக்கு மகிழ்ச்சி கூடினதும் மனச்சோர்வு அறிகுறிகள் குறைஞ்சதும் ஆறு மாசம் வரைக்கும் தெரிஞ்சது. நம்ம ஆட்கள் மூணு விஷயத்தை எழுதிட்டு 'ஏன்'ஐ விட்டுடறாங்க. எனக்கு அந்த 'ஏன்'தான் முக்கியமாப் படுது. 'பழைய டீம் லீட் ரெஃபரல் தர்றேன்னார்'னு மட்டும் எழுதினா அது அதிர்ஷ்டம். 'ஏன்னா அவர் லீவுல இருந்தப்போ அந்த ரிலீஸை நான் தனியா முடிச்சுக் கொடுத்தேன்'னு எழுதினா அது வவுச்சர். எட்டிங்கன் ஆய்வுல ஜெயிச்ச எதிர்பார்ப்புக்கு இருந்த மாதிரி ஆதாரம்.

ஒரு விஷயத்துல எனக்குக் கோபம் உண்டு. ஆட்களை அனுப்பிட்டு, அடுத்த வாரமே 'நன்றியுணர்வு' பற்றி வெபினார் வைக்கிற நிறுவனங்கள் இருக்கு. நோட்டீஸ் சம்பளமும் லீவ் என்கேஷ்மென்ட்டும் வெபினார்ல வராது. அஞ்சு வருஷம் முடிச்சிருந்தா கிராஜுவிட்டி உங்க பணம், அதைக் கேட்கிறது நெகட்டிவிட்டி இல்லை. இன்னொண்ணு, ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், சாப்பாடு ரெண்டும் கெட்டு, வாழவே பிடிக்கலன்னு தோணினா டைரி போதாது. 14416 டெலி மானஸ் எண், இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம். டாக்டர் ஃபீஸைக் கட்டாயச் செலவு லிஸ்ட்ல சேர்த்துக்கோங்க.

அந்தத் தம்பி வீட்டுல சொல்லவே இல்லை. தினமும் லேப்டாப் பையோட கிளம்பி எங்கேயோ போய் உட்கார்ந்துட்டு வந்துக்கிட்டிருந்தார். "அப்பா தாங்க மாட்டார் அண்ணா"ன்னார். "அந்தப் பேப்பரை எடுத்துட்டுப் போய்ப் பேசுங்க, வெறுங்கையோட போகாதீங்க"ன்னேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ காட்டியிருக்கார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா படிச்சுட்டு, "எங்களுக்கு அனுப்புற பத்தாயிரத்தை நிறுத்துடா, நெல் வித்த காசு இருக்கு"ன்னாராம். 45,000 அன்னிக்கு 35,000 ஆச்சு. எஞ்சியிருந்த மாசக் கணக்கு ஒரே நாள்ல கூடிடுச்சு.

ஃபுல் அண்ட் ஃபைனல் பணத்துல எதுக்கு வரி, எதுக்கு விலக்குங்கிறதை அடுத்த வீடியோல வரிவரியா பார்க்கலாம். உங்க செட்டில்மென்ட் ஷீட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பாருங்க.