மோதிய இன்னொரு விமானத்தில் இருந்தவர்

1941 டிசம்பர் 11, முற்பகல். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வயல்களின் மேல் மேகம் மூடியிருந்தது. வெல்லிங்கோர் தளத்தின் ஸ்பிட்ஃபயர் சண்டை விமானங்கள் நான்கு, மேகத்தில் ஒரு திறப்பைக் கண்டு வேகமாகக் கீழே இறங்கின. க்ரான்வெல் பயிற்சிப் பள்ளியின் ஆக்ஸ்ஃபோர்டு விமானம் ஒன்றும் அந்தப் பக்கம் பறந்துகொண்டிருந்தது. சுமார் 1,400 அடி உயரத்தில் அதுவும் ஒரு ஸ்பிட்ஃபயரும் மோதிக்கொண்டன. ஸ்பிட்ஃபயர் விமானி தலைக்கு மேலிருந்த மூடியைத் தள்ளித் திறந்து, எழுந்து நின்று குதித்ததைக் கீழே ஒரு விவசாயி பார்த்தார். பாராசூட் விரிய உயரம் போதவில்லை.

குதித்தவர் ஜான் கில்லெஸ்பி மாகீ. வயது 19. அமெரிக்கர். தன் நாடு இன்னும் போரில் இறங்கவில்லை என்பதால் கனடா விமானப்படையில் சேர்ந்தவர். (அவர் இறந்த அதே நாளில்தான் ஜெர்மனியும் அமெரிக்காவும் போர்ப் பிரகடனம் செய்துகொண்டன.) ‘ஹை ஃப்ளைட்’ என்ற கவிதையை எழுதியவர் இவர்தான். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது அதிபர் ரீகன் தன் உரையை முடித்தது அந்தக் கவிதையின் சொற்களோடு.

ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தவர் எர்னஸ்ட் ஆப்ரி கிரிஃபின், பயிற்சி விமானி. அவரும் இறந்தார். நான் படித்த கட்டுரைகளில் எல்லாம் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி, அதுவும் மாகீ எப்படி இறந்தார் என்று சொல்வதற்காக.

நான் விமானி இல்லை. விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் பயிற்சி விமானங்களோடுதான் என் காலம் போயிற்று. முதன்முறையாகத் தனியாகப் பறக்கப் போகும் பையனுக்கு வார்ப்பட்டையை இழுத்து மாட்டிவிட்டு, முகத்தைப் பார்க்காதது போலப் பார்த்துவிட்டு இறங்குவோம். எஃப்-700 என்று ஒரு பதிவேடு உண்டு. அதில் நாங்கள் கையெழுத்துப் போட்ட பிறகே விமானி கையெழுத்துப் போட்டு வண்டியை எடுப்பார். விபத்து என்று தகவல் வந்த நிமிடம் அந்தப் பதிவேட்டைப் பூட்டி சீல் வைத்துவிடுவார்கள். பையனின் கை பிசகியதா, எங்கள் கை பிசகியதா என்று விசாரணை தொடங்கும். அது சரிதான், எனக்கு அதில் குறையில்லை.

அந்தப் பதிவேட்டில் கையெழுத்தே போடாத சிலர் உண்டு. இத்தனை மாதத்துக்குள் இத்தனை விமானிகள் வேண்டும் என்று மேலே கணக்குப் போடுபவர்கள். என் கோபம் அவர்கள் மேல்தான்.

இரண்டாம் உலகப் போரில் அந்தக் கணக்கு எப்படி இருந்தது? மாகீ பயின்ற கனடாவின் கூட்டுப் பயிற்சித் திட்டம் 131,553 பேரைத் தேற்றி அனுப்பியது. பயிற்சியிலேயே 856 பேர் செத்தார்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் மாண்ட 55,573 பேரில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் எதிரி வானத்துக்குப் போகாத பறப்புகளில் போனவர்கள். அமெரிக்க ராணுவ விமானப்படை தன் சொந்த மண்ணிலேயே விமான விபத்துகளில் ஏறத்தாழ 15,000 பேரை இழந்தது. இத்தனை பேரும் கவனக்குறைவானவர்களா? குண்டுவீச்சுப் படையின் பயிற்சிப் பிரிவுகளுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் முன்னணியில் ஓடித் தேய்ந்த விமானங்கள். ஒரு ஃபிட்டரைக் கேட்டால் தெரியும், மூச்சு வாங்குகிற எஞ்சினைப் புதுப் பையன் கையில் கொடுப்பது என்றால் என்னவென்று. சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் முப்பது போர்ப் பறப்புகளை முடித்துவிட்டு, ‘ஓய்வு’ என்ற பெயரில் அனுப்பப்பட்டவர்கள். லிங்கன்ஷயரிலோ தளத்துக்குப் பக்கத்தில் தளம். போருக்குப் போகிறவனும் கற்றுக்கொள்கிறவனும் ஒரே மேகத்துக்குள் நுழைந்து வெளியே வந்தார்கள்.

‘போர் என்றால் அப்படித்தான், ஆள் தேவை’ என்று என்னோடு வேலை பார்த்த நண்பர்களே சொல்வார்கள். ஆள் தேவைதான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்தச் சாவையும் போரின் சாவாக எழுதுங்கள். போர்க் கல்லறைகளில் இருவகைச் சாவுக்கும் ஒரே மாதிரிக் கல்தான் நட்டார்கள். பதக்கத்தில்தான் பிரித்தார்கள்: ஐரோப்பிய வானத்தில் பறந்தவர்களுக்கென்று பிரிட்டன் கொடுத்த ‘ஏர் க்ரூ யூரோப் ஸ்டார்’ போர்ப் பறப்புக்கு மட்டுமே.

மாகீயின் கவிதையே பயிற்சியில் பிறந்ததுதான். வேல்ஸில் லாண்டோ பயிற்சித் தளத்தில் இருந்தபோது 33,000 அடி ஏறி வந்த உற்சாகத்தில், செப்டம்பர் 3-ஆம் தேதி பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில் அதை அனுப்பினார். அன்றைக்கு அவரும் கிரிஃபினைப் போல ஒரு பயிற்சி விமானிதான்.

இன்றும் பயிற்சி விமானம் விழுந்தால், விமானியின் தவறா, எந்திரக் கோளாறா என்ற இரண்டு கேள்வியோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்த வானிலையில், அந்த விமானத்தில், அத்தனை மணிநேர அனுபவத்தோடு அவனைப் பறக்கச் சொன்னது யார், எந்த அவசரத்துக்கு என்றும் கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் எஃப்-700-இல் எங்களுக்குக் கீழே ஒரு கையெழுத்துப் போடட்டும். இடம் இருக்கிறது.