கண்டது ஒரு பத்தி, கருதியது மறு பத்தி

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களோடு எனக்கு என்றுமே ஒத்துப்போனதில்லை. அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் கழித்தவனுக்குத் தெரியும், கோப்பின் மேலட்டையில் எழுதுகிற தலைப்புதான் அந்தக் கோப்பின் தலையெழுத்து. சாதாரண விண்ணப்பத்தின் மேல் ஒருவர் 'புகார்' என்று எழுதிவிட்டால் போதும். அதற்குப் பிறகு அந்த மேசைக்கு வருகிற பத்துப் பேரும் அதைப் புகாராகவே படிப்பார்கள். உள்ளே இருக்கும் தாளைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

இன்றைய என் சண்டை கோப்பு பற்றியது அல்ல. பனியாறு விட்டுப்போன கல், ஆழ்கடலின் அடியில் கிடக்கும் சேறு, இவற்றுக்குப் பெயர் வைக்கிற முறை பற்றியது. பென்ஷன் வாங்கும் வயதில் உமக்கு இது எதற்கு என்று கேட்கத்தான் கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

கல்லூரியில் ஜியாலஜி படிக்கும் என் பேத்தி ஒரு கைடை என்னிடம் கொடுத்து, "தாத்தா, நான் ஒப்பிக்கிறேன், சரியான்னு பாருங்க" என்றாள். அதில் ஓர் அட்டவணை. இடப்பக்கம் படிவு, வலப்பக்கம் அது உண்டான இடம். களிமண்ணில் பெரிதும் சிறிதுமாகக் கற்கள் கலந்து கிடந்தால் பனியாறு. நுண்ணிய சேறாக இருந்தால் ஆழ்கடல். அடியில் பருமணல், மேலே போகப் போக நுண்மணல் என்றால் கடலடிக் கலங்கல் ஓட்டம். மூன்று வரி. மனப்பாடம் செய்தால் மூன்று மதிப்பெண்.

இந்த மூன்று வரியும் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்பது என் கட்சி. மூன்றும் பொய் என்று சொல்லவில்லை. மூன்றும் பல இடங்களில் உண்மைதான். ஆனால் கண்ணால் கண்டதையும் மனதால் கருதியதையும் ஒரே வரியில் முடிச்சுப் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு யாரும் அந்த முடிச்சை அவிழ்க்க மாட்டார்கள்.

முதல் வரியை எடுத்துக்கொள்வோம். ஆறு பொருள்களைத் தரம் பிரிக்கும். கூழாங்கல்லை ஓரிடத்தில் போடும், மணலை ஓரிடத்தில் போடும், வண்டலைக் கடைசியில் போடும். காற்றும் அப்படித்தான். பனியாறு அப்படியல்ல. மாவு போன்ற தூளையும் வீட்டளவு பாறையையும் ஒன்றாகச் சுமந்து வந்து, உருகும் இடத்தில் மொத்தமாகக் கொட்டிவிடும். அதனால் பனியாற்றுப் படிவில் எல்லா அளவும் கலந்து கிடக்கும். இதுவரை சரி. ஆனால் செங்குத்தான சரிவில் இறங்கும் சேற்றுச் சரிவும் தரம் பிரிக்காது. எரிமலைச் சரிவில் ஓடும் சேறும் பிரிக்காது. கடலுக்கு அடியில் கண்டத்தின் விளிம்பு சரிந்து விழுந்தால் அதுவும் பிரிக்காது. பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டி ஸ்குவாண்டம் என்ற இடத்தில் இப்படிக் கல் கலந்த பாறை உண்டு. 1914இல் சேல்ஸ் என்ற அறிஞர் அதைப் பனியாற்றுப் படிவு என்று எழுதினார். 'ஸ்குவாண்டம் டில்லைட்' என்ற பெயர் நிலைத்தது. டில்லைட் என்றாலே பனியாறு இட்டு இறுகிய பாறை என்று பொருள். பெயரிலேயே தீர்ப்பும் வந்துவிட்டது. 1961இல் டாட் என்பவர், இது நீருக்கடியில் சரிந்து வந்ததாகவும் இருக்கலாமே என்று கேட்டார். அதற்குள் 47 ஆண்டு ஓடிவிட்டது. அதற்கு முந்திய ஆண்டுதான், 1960இல், ஃபிளிண்ட், சாண்டர்ஸ், ராட்ஜர்ஸ் என்ற மூவர் 'டயாமிக்டைட்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். நன்றாகக் கலந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. எப்படி வந்தது என்று அது சொல்லாது. எல்லா அளவும் கலந்து கிடக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளும். நல்ல குமாஸ்தா எழுதிய சொல் என்பேன்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆகையால் ஆல்ப்ஸ் மலைக் கதை எனக்குக் கொஞ்சம் பழக்கம். பனியாற்றின் ஓரத்தில் குவியும் கல்மேட்டை அந்த மலைக் குடியானவர்கள் 'மொரேன்' என்றார்கள். சோசூர் அந்தச் சொல்லை அச்சுக்குக் கொண்டுவந்தார். தன் ஊர்ப் பாறையோடு ஒட்டாமல் வேறெங்கோ கிடக்கும் கல்லுக்கு 'பிளாக் எர்ராத்திக்', அதாவது வழிதவறிய கல் என்று பெயர். இரண்டுமே கண்டதைச் சொல்லும் பெயர்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் பக்லேண்ட், இந்தப் படிவையெல்லாம் 'டிலுவியம்' என்றார். ஊழிவெள்ளத்தில் வந்தது என்று அர்த்தம். பிறகு மிதக்கும் பனிமலைகள் கொண்டுவந்து போட்டவை என்று எண்ணி 'டிரிஃப்ட்' என்றார்கள். 1837 ஜூலையில் அகாசீ நெஷாத்தெல் நகரில் எழுந்து, இவையெல்லாம் ஒரு பெரும் பனிக்காலத்தின் வேலை என்றார். வெள்ளக் கொள்கையும் போயிற்று, பிரிட்டனின் நிலத்துக்கு மிதவைக் கொள்கையும் போயிற்று. ஆனால் 'டிரிஃப்ட்' போகவில்லை. அந்த நாட்டு நிலவியல் வரைபடங்களில் நெடுங்காலம் 'டிரிஃப்ட் பதிப்பு' என்றே அச்சிட்டார்கள். மொரேனும் வழிதவறிய கல்லும் மட்டும் எந்தச் சங்கடமும் இல்லாமல் இன்றும் செல்லுபடியாகின்றன.

நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1856இல் பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் ஒடிசாவின் தால்ச்சேர் பகுதிப் பாறைகளைப் பற்றி எழுதினார்கள். நுண்ணிய வண்டலுக்கு நடுவே பெரிய பெரிய உருண்டைக் கற்கள். பனியின் வேலையாக இருக்கலாம் என்று அப்போதே சொன்னார்கள். வெயில் கொளுத்தும் ஒடிசாவில் பனியா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அந்தப் படுகைக்கு நிலைத்த பெயர் 'தால்ச்சேர் கல்லுருண்டைப் படுகை' என்பதே. ஊர்ப்பெயர், பார்வைக்குத் தெரியும் தோற்றம், அவ்வளவுதான். பிறகு 1870களில் மகாராஷ்டிரத்தின் பென்கங்கா ஆற்றுப் பக்கம், அந்தப் படுகைக்கு அடியில் இருந்த சுண்ணாம்புப் பாறைத் தளம் வழவழப்பாகத் தேய்ந்து, நீளநீளமாகக் கீறல் விழுந்து கிடப்பதை ஃபெடன் கண்டார். பனி கல்லைப் பற்றிக்கொண்டு தரையை உரசிப் போன தடயம் அது. சுமார் 30 கோடி ஆண்டுக்கு முன் இந்தியா தென்துருவத்துக்குப் பக்கத்தில் இருந்த காலத்துப் பனி. பெயரை மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. பக்கத்துப் பத்தியில் காரணம் ஏறியது, அவ்வளவே.

இனி ஆழ்கடல். 1872 முதல் 1876 வரை 'சாலஞ்சர்' கப்பல் உலகக் கடல்களின் அடிச்சேற்றை வாரி வந்தது. ஜான் மர்ரேயும் பெல்ஜியத்துக்காரர் ரெனாரும் 1891இல் அதை வகைப்படுத்தி வெளியிட்டார்கள். நுண்ணுயிர் ஓடுகள் நிறைந்ததற்குக் குளோபிஜெரினா சேறு என்று பெயர். மிக ஆழத்தில் சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துவிடுகின்றன. அங்கே கிடைத்ததற்குச் 'செங்களி' என்று பெயர். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் அது சேரும். கரைந்த ஓடுகளின் மிச்சச் சாம்பல் என்றார் வைவில் தாம்சன். எரிமலைப் பொருள் சிதைந்தது என்றார் மர்ரே. பெரும்பகுதி கண்டங்களிலிருந்து காற்று கொண்டுவந்த தூசி என்பது இன்றைய கருத்து. மூன்று காரணங்கள் மாறின. பெயர் மாறவில்லை. 'ஓட்டுச் சாம்பல்' என்று அன்று பெயரிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், எண்ணிப் பாருங்கள்.

எண்ணிப் பார்க்கவும் வேண்டாம், நடந்ததே இருக்கிறது. 1857இல் அட்லாண்டிக் அடியிலிருந்து எடுத்துச் சாராயத்தில் போட்டு வைத்திருந்த சேற்றில், 1868இல் ஹக்ஸ்லி வழவழப்பான ஒரு பொருளைக் கண்டார். உயிர்ப்பொருள் என்று கருதி 'பாத்திபியஸ் ஹெக்கெலீ' என்று பெயரும் சூட்டினார். கடலடி முழுவதும் உயிர்க்கூழ் பரவிக் கிடக்கிறது என்று பேச்சு கிளம்பியது. சாலஞ்சர் கப்பலின் ரசாயன நிபுணர் புக்கானன் சோதித்தார். சாராயம் கடல்நீரில் பட்டதால் படிந்த கால்சியம் சல்பேட் அது! ஹக்ஸ்லி 1875இல் கௌரவமாகப் பின்வாங்கினார். 'வழவழப்பான படிவு' என்று குறித்து வைத்திருந்தால் பின்வாங்கும் அவசியமே வந்திராது.

நுண்சேறு என்றால் ஆழ்கடல் என்ற வரியும் அப்படித்தான். ஏரியடியிலும் நுண்சேறு உண்டு. ஆழ்கடலிலும் கல் உண்டு. சேற்றுக்கு நடுவே தனியாகக் கிடக்கும் கல்லுக்குப் பலர் 'விழுகல்' என்று பெயர் வைத்து, மிதந்து வந்த பனிமலை போட்டது என்று முடித்துவிடுவார்கள். பிரான்சில் பிறந்து ஜெர்மன் மொழியில் எழுதிய ஷாமிஸ்ஸோ, பசிபிக்கின் ராடாக் தீவுகளைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். டார்வினும் அதை எடுத்துச் சொல்கிறார். பவளத் தீவில் கல் கிடைக்காது. அலை ஒதுக்கும் மரங்களின் வேர்களில் சிக்கிவரும் கற்களைத் தேடியெடுத்துத்தான் அந்த மக்கள் கருவிகளைத் தீட்டினார்கள். அந்தக் கற்கள் தலைவனுக்குச் சொந்தம் என்று சட்டமே இருந்தது. ஆக, மரவேரும் கல்லைக் கடலில் சுமக்கும். 'தனிக்கல்' என்று எழுதுங்கள், போதும். ஹைன்ரிஷ் 1988இல் வட அட்லாண்டிக் சேற்றில் மணல்மணிகளைப் பொறுமையாக எண்ணி, அவை அடுக்கடுக்காக வருவதைக் காட்டினார். அவற்றில் சுண்ணாம்பு வகைத் துகள்கள் கனடாவின் ஹட்சன் நீரிணைப் பக்கத்துப் பாறையோடு பொருந்துவதைக் கண்ட பிறகுதான், அங்கிருந்து பனிமலைகள் கூட்டமாக வந்தன என்பது உறுதிப்பட்டது. எண்ணிக்கை முதலில், காரணம் பிறகு.

மூன்றாவது வரிக்கு வருகிறேன். 1929 நவம்பர் 18இல் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடலடியில் பூகம்பம். 12 தந்திக் கம்பிகள் அறுந்தன. சில உடனே அறுந்தன. மற்றவை ஆழத்தை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக, 13 மணி நேரத்துக்கு மேல் அறுந்துகொண்டே போயின. கலங்கிய சேற்று நீர் சரிவில் ஓடியதே காரணம் என்று 1952இல் ஹீசனும் யூயிங்கும் விளக்கினார்கள். அப்படிப்பட்ட ஓட்டம் ஓய்ந்தால் பருமணல் முதலில் இறங்கும், நுண்சேறு கடைசியில் இறங்கும். அந்த வரிசையை பௌமா 1962இல் வகுத்தார். நம் கடற்கரைச் சாலையில் நின்று கிழக்கே பார்க்கிறோமே, அந்த வங்கக் கடலின் அடியில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய வண்டல் இப்படித்தான் பெரும்பாலும் ஓடி, சுமார் 3000 கிலோமீட்டர் நீள விசிறியாகக் கிடக்கிறது. கொள்கை அருமையானது. அருமையானதால்தான் ஆபத்து. ஆழ்கடல் மணல் எதைக் கண்டாலும் 'டர்பிடைட்' என்று எழுதும் பழக்கம் வந்துவிட்டது. மொபில் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றிய நம் தமிழர் ஜி. சண்முகம் இதை எதிர்த்து 1996இலும் 1997இலும் கட்டுரைகள் எழுதினார். அவற்றில் பல மணற்சரிவுகள், கலங்கல் ஓட்டம் அல்ல என்றார். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை, வாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் இது வெறும் சொற்சண்டை இல்லை. ஓடிப் பரவிய மணல் ஒரு விதமாகக் கிடக்கும், சரிந்து நின்ற மணல் வேறு விதமாகக் கிடக்கும். எங்கே எண்ணெய்க் கிணறு தோண்டுவது என்பது அதைப் பொறுத்தது.

"காரணம் தெரியாமல் வகைப்படுத்தி என்ன பயன்? மண்ணின் வரலாறு தெரிய வேண்டாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காரணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று தனிப் பத்தி வேண்டும், சாட்சியோடு வேண்டும் என்கிறேன். கற்களின் முகம் பட்டையாகத் தேய்ந்திருக்கிறதா, கீறல் உண்டா, அடித்தளம் உரசப்பட்டிருக்கிறதா, கல் விழுந்த இடத்தில் கீழ் அடுக்கு வளைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எழுதி, அதன்பின் 'ஆகவே பனி' என்று எழுதட்டும். எங்கள் தபால் பிரிவில் உறை கிழிந்து வந்தால் 'உறை கிழிந்த நிலையில் வரப்பெற்றது' என்றுதான் பதிவேட்டில் எழுதுவோம். 'யாரோ பிரித்துப் படித்துவிட்டார்கள்' என்று எழுத மாட்டோம். அது விசாரணையின் வேலை.

பக்கத்தில் திருவக்கரையில் கிடப்பவை அசுரனின் எலும்புகள் என்று ஊரில் சொல்வதுண்டு. அதே மக்கள் வழங்கும் இன்னொரு பெயர் 'கல்மரம்'. கல்லாக இருக்கிறது, மரமாகத் தெரிகிறது. இதைவிடச் சுத்தமான நிலவியல் பெயர் எந்தப் பல்கலைக்கழகமும் வைத்துவிட முடியாது.

சிறுவயதில் எங்களுக்கு 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு வகுப்பு உண்டு. பொருட்பாடம் என்று சொல்லலாம். கையில் ஒரு பொருளைக் கொடுப்பார்கள். நிறம், கனம், வழவழப்பு எல்லாம் சொன்ன பிறகுதான் பெயரைக் கேட்பார்கள். இந்தக் காலத்து கைடுகள் பெயரை முதலில் கொடுத்துவிட்டுப் பொருளைக் காட்டாமலே விட்டுவிடுகின்றன.

பேத்தியின் கைடில் அந்த அட்டவணைக்கு நடுவே பென்சிலால் இரண்டு கோடு போட்டு மூன்று பத்தியாக்கிக் கொடுத்தேன். 'கண்டது', 'சாட்சி', 'கருதுவது'. தேர்வுக்கு அவர்கள் கேட்பதை எழுதட்டும், மதிப்பெண் அவளுக்கு வேண்டும். ஆனால் ஒரு கல்லைக் கையில் எடுக்கும் நாளில் முதல் பத்தியை நிரப்பாமல் கடைசிப் பத்திக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.