பார்த்திருத்தலும் மருத்துவமே

விழா மலரிலே நோயைப் பற்றி எழுதுதல் பொருந்துமோவென அன்பர் சிலர் ஐயுறலாம். நம் கல்லூரியிற் கற்றோர் பலர் இன்று ஐம்பதையும் அறுபதையுங் கடந்து நிற்கின்றனர். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வாழும் அவர்தந் தந்தையரும் தமையன்மாரும் அதனினும் மூத்தோர். அவ்வயதினரை நாடிவரும் புரோஸ்டேற் சுரப்பிப் புற்றுநோயைப் பற்றி வாய்திறக்க நம்மவர் நாணுகின்றனர். ஆதலின் இங்கு அதனைப் பேசத் துணிந்தோம்.

புற்றுநோய் என்னுஞ் சொல் காதில் விழுந்ததும், உடனே வெட்டி எறிதல் வேண்டுமென்பர் ஒரு சாரார். விதிப்படி ஆகட்டுமென வாளாவிருப்பர் மற்றொரு சாரார். இரண்டும் ஆராயாத முடிபுகளே. சுரப்பிக்குள் அடங்கி மெல்ல வளர்வதாய், தொடக்கத்திலேயே அறியப்பட்ட நோய்க்கு வேறொரு வழியும் உண்டு. குறித்த காலந்தோறும் பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை செய்து, வேண்டுமிடத்துப் படம் பிடித்தும் சதைத்துணுக்கு எடுத்தும் நோக்கி, நோய் தலையெடுப்பின் சிகிச்சை தொடங்குதலே அது.

இதற்குச் சான்று உண்டு. பிரித்தானியாவில் 1999 முதல் 2009 வரை பரிசோதனையால் இந்நோய் கண்டறியப்பட்டோருள் 1,643 பேரைக் கண்காணிப்பு, சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை என மூவகையினராக்கி ஆராய்ந்தனர். 2023ஆம் ஆண்டு வெளிவந்த 15 ஆண்டு முடிபின்படி, எவ்வகையினருள்ளும் இந்நோயால் இறந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே. ஆயினும், நோய் பிறவிடங்களுக்குப் பரவியோர் கண்காணிக்கப்பட்டோருள் 9.4 சதவீதம், சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழ 5 சதவீதம். மறுபுறத்தில், சத்திரசிகிச்சை பெற்றோருட் பலர் சிறுநீரை அடக்கமாட்டாமையாலும் ஆண்மைக் குறைவாலும் இடருற்றனர். கண்காணிக்கப்பட்டோருள்ளும் பத்தில் அறுவர் பின்னர்ச் சிகிச்சையை மேற்கொண்டனர். எனவே, எவ்வழியும் விலையின்றிக் கிடைப்பதன்று. எவ்விலையைத் தரலாமென்பதை நோயாளியே வைத்தியரோடு எண்ணித் துணிதல் வேண்டும்.

இங்கேதான் நம் தோட்டங்களின் நிலையை நோக்கவேண்டும். அவ்வாராய்ச்சியில் முதலாண்டு மூன்று மாதத்துக்கொரு முறையும், பின்னர் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கொரு முறையும் இரத்தம் சோதிக்கப்பட்டது. இறக்குவானையிலோ தெரணியகலையிலோ பால்வெட்டியும் மலையேறியும் பிழைப்பவன் ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால், அன்றைய பேர் போய்விடும். பஸ் செலவு வேறு. வைத்தியர் சிங்களத்திற் கூறியதிற் பாதியே விளங்கி, கிளினிக் கொப்பியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, நோவு இல்லையே என்று மறுமுறை போகாதிருப்பான். அது கண்காணிப்பு அன்று, கைவிடுதலே ஆகும்.

அங்ஙனமாயின் தோட்டத்தானுக்கு உடனே சிகிச்சையளிப்பதே நன்றென்பார் உளர். நாம் உடன்படோம். அவ்வாராய்ச்சியிற் கதிர்ச்சிகிச்சை 37 முறை அளிக்கப்பட்டது. வீட்டையும் வேலையையும் விட்டு வாரக்கணக்கில் மகரகமையில் தங்குதல் அவனுக்கு எளிதோ? நோய் கடுமையானதாயின் சிகிச்சையைத் தாழ்த்தலாகாது. மெல்லிய நோயாயின், வறுமை காரணமாக ஒருவன் வேண்டாத கத்திக்கு ஆளாதல் நீதியன்று.

மருத்துவத்துக்கு உறுப்பு நான்கென வகுத்த வள்ளுவர், நோயாளி, வைத்தியர், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பணிபுரிவோனையும் ஒன்றாக வைத்தார். அந்நான்காம் உறுப்பே இன்று தோட்டத்திற் குறைகின்றது. பழைய மாணவராகிய நாம் அதுவாதல் கூடும். வைத்தியரான அன்பர்கள் தமிழில் விளக்கட்டும். ஆசிரியர்கள் கிளினிக் நாளைக் குறித்து வைத்து நினைவூட்டட்டும். தோட்ட நிர்வாகத்தில் இருப்போர் அந்நாளைக் கூலிக்குறைவின்றி விடுவிக்க வழிகாணட்டும்.

கல்லூரி நமக்குக் கண்ணைத் திறந்தது. அக்கண் நம் முதியோரைப் பார்த்திருக்குமாயின் இவ்விழா பயன்பெற்றதாகும்.